பார்வோ: குட்டி நாயின் உயிரைத் தீர்மானிக்கும் முதல் நாள்

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா விளையாடிட்டு இருந்துச்சு டாக்டர்." இரண்டு மூன்று மாதக் குட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடி வருபவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான். அதில் மிகை எதுவும் இல்லை. பார்வோ என்ற வைரஸ் நோய் அப்படித்தான் வரும். காலையில் குட்டி சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். மதியம் ஒரு வாந்தி, இரவுக்குள் நுரையும் மஞ்சள் தண்ணீருமாக இன்னும் நாலைந்து. மறுநாள் விடியும்போது நீராகப் பேதி, பிறகு அதில் ரத்தம். சிகிச்சையே கிடைக்காத குட்டிகளில் பத்துக்கு ஒன்பது வரை இறந்துவிடுகின்றன. நேரத்தோடு சிகிச்சை தொடங்கினால் பத்துக்கு எட்டு, ஒன்பது பிழைத்துவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் பல வீடுகளில் ஒரே ஒரு நாள். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்ட நாள்.

அந்த ஒரு நாளில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. பார்வோ வைரஸ் மிகச் சிறியது, 25 நானோமீட்டர் அளவுதான். தன்னைப் பெருக்கிக்கொள்ளும் கருவிகள் அதனிடம் இல்லை. ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கும். வைரஸ் அந்தச் சமயம் பார்த்து, அதே கருவிகளைக் கொண்டு தன்னையும் படியெடுத்துக்கொள்கிறது. அதனால் செல்கள் வேகமாகப் பிரியும் இடங்களைத் தேடித்தான் அது போகும். வளரும் குட்டியின் உடம்பில் அப்படிப்பட்ட முக்கியமான இடங்கள் மூன்று: நிணநீர்க் கணுக்கள், எலும்பு மஜ்ஜை, சிறுகுடலின் உட்சுவர்.

குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை முழுவதுமாகப் புதிதாகிக்கொண்டே இருக்கும். பழைய செல்கள் உதிர, அடியில் இருக்கும் குழிகளிலிருந்து புதியவை மேலே வரும். பார்வோ அந்தக் குழிகளில் இருக்கும் செல்களைக் கொன்றுவிடுகிறது. பழையது உதிர்கிறது, அதன் இடத்துக்கு வர எதுவும் இல்லை. தோலுரிந்த குடல் வழியாக உடம்பின் நீரும் உப்பும் புரதமும் ரத்தமும் வெளியே போகின்றன. குடலுக்குள் சாதுவாக இருந்த பாக்டீரியாக்கள் ரத்தத்துக்குள் நுழைகின்றன. அவற்றை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களை உற்பத்தி செய்யும் மஜ்ஜையையும் இதே வைரஸ் இதே நாட்களில் முடக்கிவைத்திருக்கிறது. சாப்பாடு இறங்காததால் சர்க்கரையும் குறைகிறது. சின்னக் குட்டியின் ஈரலில் சேமிப்பு என்று சொல்லும் அளவுக்கு எதுவும் கிடையாது.

ஆக, பார்வோ வந்த குட்டி இறப்பது நீரிழப்பால், சர்க்கரைக் குறைவால், ரத்தத்தில் கிருமி பரவுவதால். மூன்றுக்கும் மருத்துவம் இருக்கிறது. வைரஸை நேராகத் தாக்கும் மருந்து பெரும்பாலும் கிடைப்பதில்லையே என்று மனம் தளர வேண்டாம். குட்டியின் உடம்பே அதை வென்றுவிடும். அதற்குத் தேவைப்படும் நாலைந்து நாள் குட்டியை உயிரோடு வைத்திருப்பதுதான் சிகிச்சை.

வீட்டுப் பெரியவர்கள் சிலர், "எங்க காலத்துல நாய்க்கு எந்த ஊசியும் போட்டதில்ல, நல்லாத்தான் இருந்துச்சு" என்பார்கள். பார்வோவைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது உண்மைதான். 1970களுக்கு முன்பு நாய்களுக்கு இந்த நோயே இல்லை. பூனைகளுக்கு வரும் பேன்லுக்கோபீனியா வைரஸின் நெருங்கிய உறவான ஒன்று, தன் மேலுறையில் ஏற்பட்ட சில சின்ன மாற்றங்களால் நாயின் செல்களுக்குள் நுழையும் திறனைப் பெற்றது. 1978இல் அது உலகம் முழுவதும் பரவி ஏராளமான நாய்களைக் கொன்றது. எந்த நாய்க்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாததால் பெரிய நாய்களும் செத்தன. ஆரம்பத்தில் பூனைகளுக்கான தடுப்பூசியையே நாய்களுக்குப் போட்டுச் சமாளித்தார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லேலண்ட் கார்மைக்கேல் குழுவினர் வலுக்குறைத்த வைரஸைக் கொண்டு நாய்களுக்கென்றே தடுப்பூசி உருவாக்கிய பிறகுதான் நிலைமை மாறியது. வைரஸும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2ஏ, 2பி, 2சி என்று அதன் வகைகளைப் பிரிக்கிறார்கள். 2சி முதலில் இத்தாலியில் 2000ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. இந்தியாவில் மூன்று வகைகளும் பதிவாகியுள்ளன. இப்போதுள்ள தடுப்பூசிகள் இவை எல்லாவற்றுக்கும் எதிராக வேலை செய்கின்றன. மனிதர்களுக்கு இது தொற்றாது. ஆனால் நம் செருப்பிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். வாசல் தாண்டாத குட்டிக்குப் பார்வோ வருவது இப்படித்தான்.

நோயை அடையாளம் காண்பதற்கு வருவோம். ரத்தபேதியைப் பார்த்த பிறகுதான் பலருக்குப் பார்வோ என்ற எண்ணமே வருகிறது. அது தாமதம். தொற்றிய மூன்றிலிருந்து ஏழு நாட்களுக்குள் அறிகுறி தொடங்கும், முதல் அறிகுறி சோர்வு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வால் ஆட்டும், எழுந்து வராது. பிறகு சாப்பாட்டு வெறுப்பு, காய்ச்சல், வாந்தி. பேதி வருவதற்கு அதன் பிறகு ஒரு நாள்கூட ஆகலாம். சில குட்டிகளுக்கு ரத்தமே வராது. வெறும் வாந்தியிலேயே உடம்பு வற்றிவிடும். ரத்தபேதியின் நாற்றத்தை வைத்தே பார்வோ என்று சொல்லிவிடலாம் என்று அனுபவசாலிகள் சொல்வதுண்டு. குடலில் ரத்தம் கசியும் வேறு நோய்களிலும் அதே நாற்றம் வரும் என்பதால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில உண்டு. மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு ஈரமாக வழுக்க வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் நீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டால் உடனே படிய வேண்டும். காதும் பாதமும் ஜில்லிட்டுப் போனால் நிலைமை மோசம். காய்ச்சல் அடித்த குட்டிக்குச் சூடு இறங்குவதைப் பார்த்து "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று சந்தோஷப்பட வேண்டாம். சோர்வு நீங்காமல் சூடு மட்டும் இயல்புக்குக் கீழே இறங்கினால் அது, ரத்த ஓட்டம் குறைந்து உடம்பு முடங்கும் அதிர்ச்சி நிலையின் தொடக்கம்.

நம் ஊரில் பார்வோவோடு அதிகம் குழப்பிக்கொள்ளப்படுவது குடற்புழு. கொக்கிப்புழு இருந்தாலும் ரத்தம் கலந்த பேதி வரும், ஈறு வெளுக்கும். "பூச்சிதான், பூச்சி மருந்து குடுத்தா சரியாயிடும்" என்று கடையில் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு நாள் பார்க்கிறார்கள். புழுவும் பார்வோவும் ஒரே குட்டிக்குச் சேர்ந்தே இருக்கலாம், பல நேரம் இருக்கவும் செய்கின்றன. எதையாவது விழுங்கிக் குடல் அடைத்துக்கொண்டாலும், குடலுக்குள் குடல் செருகிக்கொண்டாலும், டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய் வந்தாலும் வாந்தி வரும். எது என்று பிரித்துப் பார்ப்பது மருத்துவரின் வேலை. ஆசனவாயில் எடுத்த சாம்பிளைக் கொண்டு சில நிமிடங்களில் விடை சொல்லும் டெஸ்ட் கிட் இருக்கிறது. அதில் இரண்டு கோடு விழுந்தால் அநேகமாகப் பார்வோதான். ஒரு கோடு விழுந்தால் பார்வோ இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது; வைரஸ் மலத்தில் வெளியேறும் அளவு குறைவாக இருக்கும் நேரத்தில் சோதித்தால் தப்பிவிடும். தடுப்பூசி போட்ட சில நாட்களுக்குள் சோதித்தால், ஊசியில் இருந்த வைரஸே பொய்யாக இரண்டு கோடு காட்டவும் வாய்ப்புண்டு. ஆகவே ரத்தப் பரிசோதனையும் சேர வேண்டும். ஒரு மைக்ரோலிட்டருக்கு 6,000க்கு மேல் இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் 2,000, 1,000 என்று சரிந்திருந்தால் சந்தேகம் உறுதிப்படும்.

இத்தனையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: தடுப்பூசி முழுவதுமாக முடியாத, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி சாப்பிட மறுத்து, இரண்டு தடவை வாந்தியும் எடுத்துவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். போய்ப் பார்த்து அது வெறும் அஜீரணம் என்று தெரியவந்தால் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

வீட்டு வைத்தியம் பற்றி மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமலும் இருக்க முடியாது. டெங்குவுக்குப் பரவிய பப்பாளி இலைச் சாறு இப்போது பார்வோவுக்கும் பரவிவிட்டது. மாதுளம் தோல், மோர், மஞ்சள், இளநீர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சொல்பவர்களின் பாசத்தில் குறை இல்லை. ஆனால் வாந்தி நிற்காத குட்டியின் வாயில் எதை ஊற்றினாலும் அது வெளியே வரும். வரும்போது உடம்பிலிருந்து இன்னும் கொஞ்சம் நீரையும் உப்பையும் கொண்டுபோகும். மயங்கிய குட்டிக்குச் சிரிஞ்சில் புகட்டினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். மனிதர்களுக்கான பேதி நிறுத்தும் மாத்திரை குடலின் அசைவை நிறுத்தி, வெளியேற வேண்டிய நஞ்சையும் கிருமியையும் உள்ளேயே தேக்கிவிடும். நாம் போட்டுக்கொள்ளும் காய்ச்சல், வலி மாத்திரைகளில் பல நாய்க்கு விஷம். மருத்துவமனைக்குப் போகும் வழியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குட்டியைத் துணியில் சுற்றிச் சூடாக வைத்திருங்கள். விழிப்போடு இருந்தால் குளுக்கோஸ் கரைசலையோ தேனையோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். முன்கூட்டியே போன் செய்து பார்வோ சந்தேகம் என்று சொல்லிவிடுங்கள். காத்திருக்கும் இடத்தில் தரையில் இறக்கிவிடாதீர்கள், அங்கே ஊசி போட வந்திருக்கும் மற்றக் குட்டிகளுக்காக.

மருத்துவமனையில் ட்ரிப்ஸ் ஏற்றுவதுதான் முதல் வேலை. "ஒரு பாட்டில் ஏத்திட்டுக் கூட்டிட்டுப் போயிடலாமா?" என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. மூன்று கிலோ எடையுள்ள குட்டி பத்து சதவீதம் நீர் இழந்திருந்தால், இழந்தது மட்டுமே 300 மில்லி. நோயில்லாத நாளிலேயே அந்தக் குட்டிக்கு ஒரு நாளுக்குக் கிட்டத்தட்ட 300 மில்லி தேவை. அன்றைக்கும் தொடரும் வாந்தி பேதியில் இன்னும் 100, 150 மில்லி போகும். ஆக முதல் 24 மணி நேரத்துக்கு 700 மில்லிக்கு மேல். அதையும் ஒரே மூச்சில் ஏற்ற முடியாது. அதிர்ச்சி நிலையில் இருந்தால் முதல் பகுதியை வேகமாக ஏற்றி, மீதியை மணிக்கணக்கில் மெதுவாகச் செலுத்த வேண்டும். வெறும் சலைனும் போதாது. பேதியில் பொட்டாசியம் அதிகமாகப் போய்விடுவதால் ரிங்கர் லாக்டேட் போன்ற திரவத்தோடு பொட்டாசியம் சேர்ப்பார்கள், சர்க்கரை குறைந்திருந்தால் டெக்ஸ்ட்ரோஸும் சேரும். பொட்டாசியம் வேகமாக ஏறினால் இதயமே நின்றுவிடும். தெரிந்த கம்பவுண்டரை வீட்டுக்கு வரவழைத்து ஏற்றிக்கொள்ளும் விஷயம் இல்லை இது.

கூடவே வாந்தியை நிறுத்த மரோபிடன்ட் அல்லது ஆன்டான்செட்ரான், ரத்தத்தில் புகுந்த பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக், வயிற்று வலிக்கு மருந்து, ரத்தமும் புரதமும் மிகக் குறைந்துவிட்டால் ரத்தமோ பிளாஸ்மாவோ. ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது என்பது சரிதான். ஆனால் வெள்ளை அணு இல்லாத குட்டியைக் காப்பாற்றுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

சாப்பாட்டு விஷயத்தில் பழைய முறை மாறிவிட்டது. முன்பெல்லாம் வாந்தி நின்று ஒரு நாள் ஆகும்வரை வயிற்றைக் காயப்போடுவார்கள். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு, முதல் நாளிலிருந்தே மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உணவு கொடுத்த குட்டிகள் சீக்கிரம் தேறி, எடையும் கூடின என்று காட்டியது. உரிந்த குடல் மறுபடி வளர வேண்டுமானால் அதற்கும் உணவு வேண்டும். உங்கள் மருத்துவர் மூக்கில் குழாய் விடலாம் என்றால் பயப்படாதீர்கள்.

அமெரிக்க வேளாண் துறை 2023 மே மாதம், பார்வோ வைரஸையே பிடித்துச் செயலிழக்கச் செய்யும் மோனோகுளோனல் ஆன்டிபாடி மருந்து ஒன்றுக்கு நிபந்தனையோடு அனுமதி அளித்தது. எலான்கோ நிறுவனம் உருவாக்கியது. நரம்பில் ஒரே ஒரு ஊசி. நோய்க்கு நேரான மருந்து என்ற வகையில் நல்ல செய்திதான். அது கையில் இருந்தாலும், ஏற்கெனவே இழந்த நீரையும் சர்க்கரையையும் ஈடுகட்டியே ஆக வேண்டும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த நோயைப் பற்றிப் பேச முடியாது. நாலைந்து நாள் உள்நோயாளியாக வைத்திருப்பது தனியார் மருத்துவமனையில் எல்லோராலும் முடிகிற செலவு அல்ல. தெருக்குட்டியைத் தூக்கி வந்த கல்லூரி மாணவர்களால் நிச்சயம் முடியாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் இதற்காகவே ஒரு வழியைச் சோதித்தது. 40 குட்டிகளை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முழு உள்நோயாளிச் சிகிச்சை, மறு பாதிக்கு வெளிநோயாளிக்குத் தருவது போன்ற எளிய சிகிச்சை: தோலுக்கடியில் திரவம், தினம் ஒரு வாந்தி ஊசி, நாள்பட வேலை செய்யும் ஆன்டிபயாடிக் ஒன்று. முதல் பாதியில் 90 சதவீதமும் இரண்டாவதில் 80 சதவீதமும் பிழைத்தன. இதை வைத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாம் பாதிக் குட்டிகளுக்கும் முதலில் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி அதிர்ச்சியிலிருந்து மீட்ட பிறகே அந்த எளிய முறை தொடங்கியது. சர்க்கரையும் பொட்டாசியமும் தினமும் பார்க்கப்பட்டன. தினமும் காலையும் மாலையும் மருத்துவமனைக்குத் தூக்கிப்போக முடிந்தவர்கள், "அட்மிஷன் முடியாது, வேற வழி இருக்கா டாக்டர்?" என்று தயங்காமல் கேட்க வேண்டும். சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியையும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளின் மருத்துவமனைகளையும் பக்கத்தில் இருப்பவர்கள் மறந்துவிட வேண்டாம்.

அறிகுறி தொடங்கிய முதல் மூன்று, நான்கு நாள்தான் கண்டம். அதைத் தாண்டிய குட்டிகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வெள்ளை அணுக்கள் ஏறத் தொடங்குவதும், வாந்தி நிற்பதும், தானாக எழுந்து கிண்ணத்தை முகர்வதும் நல்ல அடையாளங்கள்.

இனி தடுப்பூசி. "மூணு ஊசி போட்டும் வந்துடுச்சே" என்ற கேள்விக்கு விடை தாய்ப்பாலில் இருக்கிறது. பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்புப் பொருள்கள் குட்டிக்கு வருகின்றன. அவை வாரா வாரம் குறைந்துகொண்டே போகும். நோயைத் தடுக்கப் போதாத அளவுக்குக் குறைந்த பிறகும், தடுப்பூசியில் உள்ள வலுக்குறைந்த வைரஸைச் செயலிழக்கச் செய்யும் அளவுக்கு மட்டும் அவை மிச்சமிருக்கும் காலம் ஒன்று உண்டு. அந்த இடைவெளியில் போட்ட ஊசி பலிக்காது. நோய் மட்டும் வரும். இடைவெளி எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் முடியும் என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரையோ அதைத் தாண்டியோ ஊசி போடச் சொல்கிறார்கள். எத்தனை ஊசி என்பதைவிடக் கடைசி ஊசி எந்த வயதில் என்பதுதான் முக்கியம். பத்து வாரத்துக்குள் மூன்று ஊசி போட்டு முடித்த குட்டி இன்னும் ஆபத்தில்தான் இருக்கிறது. உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஆறு மாத வயதில் இன்னொரு ஊசியையும் பரிந்துரைக்கிறது.

ரேபிஸ் ஊசியை "நாய் ஊசி" என்று சொல்லும் வழக்கத்தால், அது ஒன்றைப் போட்டுவிட்டால் எல்லா நோயும் அடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ரேபிஸ் ஊசி ரேபிஸை மட்டுமே தடுக்கும். பார்வோவுக்கானது செவன் இன் ஒன், நைன் இன் ஒன் என்று கடைகளில் சொல்லப்படும் கூட்டு ஊசியில் இருக்கிறது. மிகச் சின்னக் குட்டிகளுக்குப் பார்வோவும் டிஸ்டெம்பரும் மட்டும் கொண்டதும் கிடைக்கிறது. குட்டி வாங்கும்போது "ரெண்டு ஊசி போட்டாச்சு சார்" என்ற வாய்ச்சொல் போதாது. அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தேதி, மருத்துவர் கையெழுத்து மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்பது 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு விதிகளில் இருக்கிறது. முப்பது நாள் குட்டியைச் சந்தையில் வைத்து விற்பவரிடம் வாங்குவது, இன்னொரு கூடைக் குட்டிகளை அங்கே வரவழைப்பதற்குச் சமம். தெருவில் எடுத்த குட்டிக்கு வயது தெரியாவிட்டால் முன்பற்களைப் பாருங்கள். பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கத் தொடங்கியிருந்தால் மூன்று நான்கு மாதம் ஆகியிருக்கும். ஊசி வரிசை முடியும்வரை குட்டியை ஊர் நாய்கள் புழங்கும் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள்.

வீட்டைச் சுத்தம் செய்யும்போது பினாயிலையும் டெட்டாலையும் நம்ப வேண்டாம். பார்வோவுக்குக் கொழுப்பாலான வெளிப்படலம் இல்லாததால் அவற்றுக்கும் ஸ்பிரிட்டுக்கும் அது அசையாது. மலத்தையும் அழுக்கையும் சோப்புத் தண்ணீரில் முழுக்கக் கழுவிய பிறகு, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச்சும் வேலை செய்யாது. துணி, பாய், கயிறு, பிளாஸ்டிக் கிண்ணம் போன்றவற்றைத் தூக்கி எறிந்துவிடுவது நல்லது. குணமான குட்டி இரண்டு வாரம்வரை மலத்தில் வைரஸை வெளியேற்றக்கூடும். அதுவரை மற்ற நாய்களோடு சேர்க்காதீர்கள். மண்தரையைச் சுத்தப்படுத்த வழியே இல்லை. வெயில் கொஞ்சம் உதவும், நிழலான ஈர மண்ணில் வைரஸ் ஒரு வருடம்வரை கிடக்கும். ஆகவே பார்வோவில் ஒரு குட்டியைப் பறிகொடுத்த வீட்டில் உடனே இன்னொரு சின்னக் குட்டியைக் கொண்டுவந்து விடாதீர்கள். ஒரு வருடம் காத்திருக்க மனம் கேட்காதவர்கள், 16 வாரத்துக்குப் பிறகான ஊசியும் முடித்து இரண்டு வாரம் கடந்த வளர்ந்த நாய் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.